கிண்டிலில் எழுத்துரு சேர்த்தால் புத்தகம் அழியுமா?

"கிண்டிலில் வெளி எழுத்துருவைப் போட்டால் வாங்கிய புத்தகமெல்லாம் அழிந்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அது தவறு. மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலைத் தயாரிக்கும் அமேசானே 2018-இல் கொடுத்த வசதி இது. கிண்டிலை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்துப் பாருங்கள். 'ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டர் இதற்காகவே இருக்கும். டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் வகை எழுத்துருக் கோப்பை அதில் போட்டு, கேபிளைக் கழற்றி, புத்தகத்தைத் திறந்து 'ஏஏ' மெனுவுக்குப் போனால் புது எழுத்துரு பட்டியலில் நிற்கும். பிடிக்கவில்லையா, கோப்பை நீக்கினால் சரி. அமேசான் உதவிப் பக்கங்களிலும் சரிபார்க்கலாம்.

பிடிஎஃப்பில் மட்டும் எழுத்துரு மாறாது. அது கோளாறு இல்லை. அப்புறம், தமிழுக்கு யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) எழுத்துருதான் வேலைக்கு ஆகும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவைப் போட்டுவிட்டு மிரண்ட யாரோதான் இந்த வதந்தியைக் கிளப்பியிருப்பார்களோ என்னவோ! அந்தத் தகவல் வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள்.