நம் ஊர் இயந்திரங்களை நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இரண்டு முறைப்பாடுகளை ஒரே நாளில் கேட்கலாம். தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறவர்கள், இயந்திரம் பூட்டிப் பழுது பார்க்கும், வேலை தெரிந்த பிட்டர் கிடைப்பதில்லை, எலெக்ட்ரீஷியன் கிடைப்பதில்லை என்கிறார்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகள், இங்கே எங்களுக்கு ஏற்ற வேலை இல்லை என்று சொல்லி, கடையில் நிற்கக் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே ஊரில் உண்மையாக இருக்க முடியும் என்று யோசித்தால்தான் நம் தொழில்நுட்பக் கல்வியின் குறை தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தொழில்நுட்பப் படிப்பு, மலையகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைப் பார்த்து வகுக்கப்பட்டதில்லை. அதை வகுக்கும் மேசையில் இங்கே வேலை கொடுக்கிறவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களை உட்கார வைக்காமல் புதுக் கட்டடம் திறந்து, ரிப்பன் வெட்டிப் பயனில்லை. தொழிற்சாலையில் மின்பகுதியில் வேலை பார்த்துவிட்டு இப்போது பொறியியல் தொழில்நுட்பவியல் பாடம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நாம் சாதாரணமாக 'ஸ்டோர்' என்று சொல்லிவிட்டுப் போகும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு தடவை நின்று பாருங்கள். மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டிகளான ட்ரஃப்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பெரிய விசிறி. பறித்து வரும்போது கொழுந்தின் எடையில் 75 முதல் 80 வீதம் வரை தண்ணீர். அதை 55 வீதமளவுக்குக் கொண்டுவர இந்த விசிறிகள் இரவு முழுக்க ஓட வேண்டும். கீழே கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர்கள், நறுக்கும் ரோட்டவேன், சல்லடைகள், அப்புறம் உலர்த்தும் டிரையர். விறகு அடுப்பில் சூடாக்கிய காற்றை அனுப்பித் தூளின் ஈரத்தை 3 வீதம் வரைக்கும் இறக்குவது டிரையரின் வேலை. கடைசியில், நிறம் பார்த்துத் தூளைப் பிரிக்கும் கலர் சோர்ட்டர். அதில் கேமரா பார்க்கிறது, காற்றழுத்தம் தட்டிவிடுகிறது, கணினிப் பலகை தீர்மானிக்கிறது. இயந்திரவியல், மின்னியல், வெப்பவியல், இலத்திரனியல் எல்லாமே இந்த ஒரு கூரைக்குக் கீழே இருக்கின்றன.

இதில் விசிறியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கொழுந்தின் மேலீரம் போன பிறகு அதற்கு முன்பு போல அவ்வளவு காற்று தேவையில்லை. ஆனாலும் பழைய முறையில் விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றும். வி.எஃப்.டி. என்ற கருவியைப் பூட்டினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வேகத்தை 80 வீதமாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், ஏனென்றால் விசிறிக்கு வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவனுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்ப் பாடமாகத் தெரியும். ஆனால் ட்ரஃப் பக்கத்தில் நின்று, மீட்டரைப் பார்த்து, பாதியானது எவ்வளவு ரூபாய் என்று போட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைப்பதில்லை. அந்தத் தொழிற்சாலையோ அவன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, வேதனையும் வருகிறது.

நான் முன்பு வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், ஏப்ரல் மழைக்குப் பிறகு கொழுந்து மலையாக வந்து குவியும் நாட்களில், டிரையரின் கட்டுப்பாட்டுப் பலகை நின்றுபோனது. எங்கள் பிட்டர் அண்ணன் சங்கிலி, பேரிங், கியர்பொக்ஸ் எதையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். பலகைக்குள் இருக்கும் மின்னணுச் சமாசாரத்தை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ரோலரிலிருந்து இறங்கிய கொழுந்து அதற்காகக் காத்திருக்காது. நொதிக்கும் நேரம் கடந்தால் தேயிலையின் தரம் போய்விடும். அன்று போன சரக்கின் நட்டத்தில் ஒரு பங்கை ஒரு பயிலுநருக்குச் செலவழித்திருந்தாலே அந்த நிலை வந்திருக்காது.

தேயிலை மட்டும் என்று நினைக்கவேண்டாம். இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எடுத்துச் சொன்னார். லக்ஷபான நீர்மின் நிலையத்தின் முதல் கட்டம் 1950 இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை, கனியன், பொல்பிட்டிய என்று அது ஒரு தொடராகவே வளர்ந்தது. தலவாக்கலையில் அணை கட்டி, மலைக்குள் சுரங்கம் வெட்டி, 150 மெகாவாட் வலுக்கொண்ட 'மேல் கொத்மலை' நிலையம் 2012 இல் வந்தது. இடையிடையே ஆற்றோரங்களில் தனியாரின் சிறு நீர்மின் நிலையங்கள். நாட்டின் மின்கட்டமைப்பு தோட்டங்களை எட்டுவதற்கு முன்பே பல தோட்டங்கள் சொந்தமாக டர்பைன் ஓட்டியிருக்கின்றன. அப்புறம் நுவரெலியா ஹோட்டல்களின் பொயிலர்கள், குளிரூட்டிகள், லிப்ட்கள். அம்பேவெல பக்கம் பால் பதனிடல். மரக்கறித் தோட்டங்களில் பொலித்தீன் கூடாரமும் சொட்டு நீர்ப்பாசனமும். ஹட்டனில் மட்டும் எத்தனை கராஜ்கள்!

இவ்வளவு இருக்கும்போது படிப்பு எந்த நிலையில் இருக்கிறது? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. நல்ல யோசனை. கணிதப் பிரிவில் போய்ப் பொறியியலாளராக முடியாவிட்டால் வேறு வழியில்லை என்ற நிலையை அது மாற்றியது. பொறியியலாளர் வடிவமைப்பார், தொழில்நுட்பவியலாளர் அதைக் களத்தில் ஓடவைப்பார், பழுது பார்ப்பார், மேம்படுத்துவார். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை. மறுபக்கம், என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது. நாலாம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளைகூட இந்தப் படியில் ஏறிப் பட்டம் வரைக்கும் போகலாம். ஏட்டில் அருமையான ஏணி. நம் பகுதியில் அதன் கீழ்ப்படிகளில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஐந்தாம் மட்டத்துக்கு மேலே போக நினைத்தால் கண்டிக்கோ பதுளைக்கோ கொழும்புக்கோ போய்த் தங்கவேண்டும். லயத்துப் பிள்ளைக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் கொடுப்பது?

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பொறியியல் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏபெட் அமைப்பு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: படித்து வெளியேறுகிறவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட ஆலோசனைக் குழு கட்டாயம் இருக்கவேண்டும், அந்தக் குழு பாடத்திட்டத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பார்த்துத் திருத்தம் சொல்லவேண்டும். ஜெர்மனியில் பயிலுநருக்கு வாரத்தில் சில நாள் பாடசாலை, மற்ற நாள் தொழிற்சாலை, அதுவும் சம்பளத்தோடு. இதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. வேலை கொடுக்கிறவனும் கற்றுக்கொடுக்கிறவனும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள், அவ்வளவுதான்.

ஹட்டனில் அப்படி ஒரு மேசை போட்டால் யார் யார் உட்காரவேண்டும்? சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் தேயிலை உற்பத்திக்குப் பொறுப்பான டீமேக்கர்கள் சிலர். நீர்மின் நிலையம் ஒன்றின் பராமரிப்புப் பொறியியலாளர். ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பொறுப்பாளர். ஒரு கராஜ்காரர். தலவாக்கலை சென். கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திலிருந்து ஒருவர். 1925 இல் தொடங்கிய அந்த நிறுவகம் நம் ஊரிலேயே இருந்தும் நம் பாடசாலைகளோடு அதற்குள்ள பழக்கம் போதாது. தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் கட்டாயம் வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன். மண்சரிவை ஆராய்ந்து எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்திலிருந்தும் ஒருவர். பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தை 2014 இல் மண் மூடியதை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பரில் டிட்வா புயல் நம் மலைகளையும் பாதைகளையும் ரயில் தண்டவாளத்தையும் என்ன செய்தது என்பதையும் பார்த்தோம். சரிவில் வடிகால் வெட்டவும், தாங்குசுவர் கட்டவும், மழைமானி பார்த்து எச்சரிக்கை கொடுக்கவும் தெரிந்த தொழில்நுட்பர்கள் ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் வேண்டும். அதுவும் இந்த ஊர் வேலைதான்.

இனி, இதை நான் பேசும்போதெல்லாம் வரும் எதிர்ப்பு. "சேர், எங்க தாத்தா தோட்டம், அப்பா தோட்டம், என்னையும் தோட்டத்துக்கே அனுப்பப் பார்க்கிறீங்களா?" இதைக் கேட்ட மாணவனிடம் எனக்கு மரியாதைதான் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம்மை ஒரே இடத்தில் கட்டிப்போட்ட சரித்திரத்தைத் தெரிந்த பிள்ளை அப்படித்தான் கேட்கவேண்டும். உள்ளூர் முதலாளிக்கு ஏற்றபடி படிப்பைத் தையுங்கள் என்று மட்டும் சொன்னால், அது மலிவான வேலையாட்களைத் தயாரிக்கும் திட்டமாக முடியும் ஆபத்து மெய்யாகவே இருக்கிறது.

ஆகவே மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஒன்று, சான்றிதழ் தேசிய மட்டத்தில் செல்லுபடியாக வேண்டும். தோட்ட நிர்வாகம் தன் கடிதத்தாளில் அடித்துத் தரும் காகிதம் வேண்டாம். என்.வி.கியூ. நாலாம் மட்டம் கையில் இருந்தால் அந்தப் பிள்ளை நாளைக்கே கொழும்புப் பக்கத்துப் பியகம தொழிற்பேட்டைக்கும் போகலாம், கட்டாருக்கும் போகலாம். போகும் உரிமை இருக்கும்போது இங்கேயே இருப்பது அவனுடைய தெரிவாக இருக்கும். இரண்டாவது, பதவியும் சம்பளமும். தொழில்நுட்பராகப் படித்து வந்தவனுக்கு நாட்சம்பளக் கணக்கில் பெயர் எழுதினால் அவன் ஓடத்தான் செய்வான், ஓடவும் வேண்டும். மாதச் சம்பளம், பதவிப் பெயர், உயர்வு எப்போது என்ற ஒழுங்கு ஆகியவற்றை எழுத்தில் கொடுக்கவேண்டும். தொழிற்சங்கம் அந்த மேசையில் இருக்கவேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். கூட்டத்தில் தினச்சம்பளத்தைப் பற்றிப் பேசும் தலைவர்கள் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டும். மூன்றாவது, படிப்பில் அடிப்படை குறையக்கூடாது. கணிதமும் பௌதிகமும் ஒழுங்காகத் தெரிந்தவனுக்கு எந்த இயந்திரமும் புதிதில்லை. ட்ரஃப் விசிறியில் கற்ற வி.எஃப்.டி. ஆடைத் தொழிற்சாலையிலும் அதேதான், தண்ணீர்ப் பம்பிலும் அதேதான். உள்ளூர் இயந்திரத்தைக் கற்கும் கருவியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதைக் கற்பதோடு நின்றுவிட வேண்டும் என்று சொல்லவில்லை.

மொழிப் பிரச்சினை வேறு இருக்கிறது. தமிழில் படிப்பிக்கத் தெரிந்த போதனாசிரியர் இல்லாத காரணத்தால் நம் பிள்ளை சிங்கள மொழிமூல வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, பாதி புரிந்து, இடைநடுவில் நின்றுவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவனை நிறுத்துவது மொழிதான், அறிவில் குறைவில்லை. கோட்பாட்டைத் தமிழில் கற்கவேண்டும். வேலைத்தளத்தில் பேசச் சிங்களமும், இயந்திரக் கையேட்டை வாசிக்கும் அளவு ஆங்கிலமும் அதே பாடநெறிக்குள் சேரவேண்டும். தனியாக வகுப்புக்குப் போ என்று சொன்னால் நடக்காது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். என் வகுப்பில் மின்சுற்று வரைவதிலும் அளவைக் கருவி பிடிப்பதிலும் அவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். அம்மா கொழுந்துக் கூடை சுமந்த தொழிற்சாலையில் மகள் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பொறுப்பாக இருப்பதற்கு எந்த இயந்திரமும் தடை சொல்லாது. இரவு ஷிப்டுக்குப் பாதுகாப்பான வாகனம், ஒழுங்கான கழிப்பறை, இவற்றைச் செய்துகொடுக்க நிர்வாகம் முன்வந்தால் போதும்.

போதனாசிரியர் எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன பிட்டர் அண்ணனைப் போல, பேரிங்கின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடும் ஆட்கள் பல தோட்டங்களில் சான்றிதழ் எதுவும் இல்லாமல் வேலை செய்கிறார்கள். அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் வருடக்கணக்கில் உட்காரத் தேவையில்லை, செய்து காட்டினால் போதும். அவர்களுக்கு அந்தத் தகைமையை எடுத்துக்கொடுத்து, கொஞ்சம் கற்பித்தல் பயிற்சியும் கொடுத்து, பகுதிநேரப் போதனாசிரியர்களாக எடுங்கள். இளையவன் அவருக்கு மின்னணுப் பலகையைக் காட்டுவான், அவர் அவனுக்கு கியர்பொக்ஸைக் காட்டுவார்.

இதெல்லாம் நடக்கும்வரை பெற்றோருக்கு ஒரு விஷயம். நகரத்தில் டிப்ளோமா என்று பெயர்ப்பலகை போட்ட எல்லா இடத்துக்கும் நகையை அடகு வைத்துக் காசு கட்டவேண்டாம். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு என்.வி.கியூ. உண்டா, எத்தனையாம் மட்டம், கடைசியில் தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். பயிற்சி இடத்தின் பெயரைச் சொல்லத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.

தொழிற்சாலையிலோ நீர்மின் நிலையத்திலோ ஹோட்டலிலோ பொறுப்பில் இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை: வருடத்துக்கு ஒரு பயிலுநரை, ஒரே ஒருவரையாவது, கொடுப்பனவோடு எடுக்க முடியுமா என்று உங்கள் மேலிடத்தில் கேளுங்கள். முடியும் என்றால் பக்கத்துப் பாடசாலையின் தொழில்நுட்ப ஆசிரியருக்குச் சொல்லிவிடுங்கள், பிள்ளையை நாங்கள் அனுப்புகிறோம்.