தாத்தாவைச் சிறை வைத்த கோபுரம்

பூட்டான் போய்வந்த நம்மாட்கள் எல்லாருடைய ஆல்பத்திலும் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்சங் மடம் இருக்கும். அழகுதான், மறுக்கவில்லை. நானும் மூச்சு வாங்க ஏறிப் படம் எடுத்தவன்தான். ஆனால் அந்த மடம் இருக்கும் அதே பாரோ பள்ளத்தாக்கில் தா ஜோங் என்று ஒரு பழைய காவல் கோபுரமும் இருக்கிறது. அதை எங்கள் பயணத் திட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் என்று செருகியிருந்தார்கள். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

‘தா’ என்றால் பார்ப்பது, ‘ஜோங்’ என்றால் கோட்டை. கீழே ஆற்றுக்கு மேலே ரின்புங் ஜோங் இருக்கிறது. அரசு அலுவலகமும் பிக்குகளின் மடமும் ஒரே மதிலுக்குள். வடக்கே திபெத்திலிருந்து படை வந்தால் முன்கூட்டியே தெரியவேண்டும் அல்லவா? அதற்காக அதன் தலைக்கு மேலே குன்றில் 1649இல் கட்டிய காவல் கோபுரம் இது. மற்ற ஜோங்குகள் பெரும்பாலும் சதுரம் சதுரமாக இருக்க, இது உருண்டை. சங்கு வடிவம் என்கிறார்கள். எனக்கு என்னவோ பாட்டி வீட்டு நெல் குதிர்தான் ஞாபகம் வந்தது. சுவர் இரண்டரை மீட்டர் கனம்.

1870களில் இங்கே ஒருவரைப் பிடித்துச் சிறை வைத்திருந்தார்கள். பெயர் உக்யென் வாங்சுக். உள்நாட்டுச் சண்டை ஓயாமல் நடந்த காலம். அவரே பிற்பாடு எல்லாரையும் அடக்கி, 1907இல் பூட்டானின் முதல் அரசராக முடிசூடினார். அப்புறம் 1968இல் இந்தக் கோபுரத்தைத் தேசிய அருங்காட்சியகம் ஆக்கியவர் மூன்றாம் அரசர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக். உக்யெனின் பேரன்!

தாத்தாவை அடைத்துவைத்த இடம். அதிகாரம் முழுக்கக் கையில். இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவரோ நாட்டின் பழம்பொருளை எல்லாம் கொண்டுவந்து அதற்குள் வைத்தார். அங்கிருந்த பொருள்களை எல்லாம்விட எனக்கு இந்த ஒரு செய்கைதான் பெரிதாகப் பட்டது.

2011 செப்டம்பரில் சிக்கிம் பக்கம் வந்த நிலநடுக்கத்தில் கோபுரம் நன்றாக அடிவாங்கியது. பொருள்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். கோபுரத்தை மறுபடி திறக்க 2020 ஆகிவிட்டது. எங்களோடு வந்த ஒரு அண்ணன், வீடு கட்டித் தரும் தொழில் அவருக்கு, இதைக் கேட்டதும் சிரித்தார். “ஒன்பது வருஷமா? அந்தக் காசுக்குப் புதுசாகவே கட்டியிருக்கலாம் தம்பி. லிஃப்ட், ஏசி எல்லாம் வைத்து.”

பக்கத்துக் கட்டடத்தில் குறை ஒன்றும் இல்லை. வெளிச்சம், இடவசதி எல்லாம் உண்டு. திருவிழா ஆட்டத்துக்குப் போடும் முகமூடிகளை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். விழிகள் பிதுங்கி, கோரைப்பல் நீட்டி, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. வசந்த காலத்தில் கீழே ரின்புங் ஜோங்கில் திருவிழா நடக்கும்போது இதே மாதிரி முகங்கள் எழுந்து ஆடும். நின்று பார்க்கலாம், நேரம் போவதே தெரியாது. ஆனால் அந்த அறையைத் தூக்கி எந்த ஊரில் வைத்தாலும் அது அந்த அறைதான். கோபுரம் அப்படி இல்லை. ஆழக் குடைந்த சின்ன ஜன்னல், அதன் வழியே கீழே வயல், ஆறு, ஜோங்கின் கூரை. காவலாளி எதைப் பார்த்துக்கொண்டு குளிரில் நின்றானோ, அதையே நானும் பார்க்கிறேன். இதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பீர்கள்?

அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அதெல்லாம் சரி தம்பி, படி ஏறுகிறவன் முட்டி என்ன ஆகும்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முட்டி எனக்கும் வலித்தது.

பூட்டான்காரர்கள் பாரோவோடு நிறுத்தவும் இல்லை. நாட்டின் நடுவே டிரோங்சாவில் இருக்கும் இன்னொரு காவல் கோபுரத்தையும் 2008இல் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். போகிறவர்கள் ஏற்பாட்டாளரோடு சண்டை போட்டாவது தா ஜோங்குக்கு அரை நாள் வாங்குங்கள். முடிந்ததும் வண்டியில் ஏறாமல் ரின்புங் ஜோங் வரை நடந்தே இறங்குங்கள். நாங்கள் சாப்பாடு ஆறிவிடும் என்று வண்டியில் ஏறிவிட்டோம். போய்ப் பார்த்தால் சாப்பாடு ஆறித்தான் இருந்தது.