காட்டுக்கொடி அல்ல, காய்வள்ளி

சனிக்கிழமை எங்கள் தெருவில் நடந்த தூய்மைப் பணியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. மதிலுக்கு வெளியே ஒரு முழம் நீண்ட குற்றத்துக்காக என் காய்வள்ளியை அடியோடு வெட்டிப் போட்டுவிட்டு, "காட்டுக்கொடிதானே அக்கா, பாம்பு அடையும்" என்று எனக்கே பாடம் வேறு.

காட்டுக்கொடி அல்ல. மண்ணைத் தோண்டாமல் கொடியிலிருந்தே பறிக்கிற கிழங்கு. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அடதாப்பு என்பார்கள். இலைக்கணுக்களில் எலுமிச்சை அளவுக்குத் திரண்டிருந்தன. மார்கழியில் கொடி வாடும்போது கை நிறையப் பறித்திருப்பேன். ஆச்சி இதை முருங்கையில் ஏற்றிவிடுவாள். சிறு வயதில், மண்ணுக்குள் விளையும் காச்சில் கிழங்கு என்று நினைத்து அடியைத் தோண்டி அவளிடம் அடி வாங்கியிருக்கிறேன். "தண்டைத் தடவிப் பாருடி, காச்சிலுக்கு விளிம்பு இருக்கும், இது உருண்டை" என்றாள். அரிவாள் பிடித்தவர்கள் தடவியெல்லாம் பார்க்க வேண்டாம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விஷம் என்று இங்கே எழுத வரப்போகிறவர்களுக்கு: காட்டில் படரும் கசப்பு வகை விஷம்தான், மறுக்கவில்லை. வீட்டு வகையையும் பச்சையாகத் தின்னச் சொல்லவில்லை. தோல் சீவி, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். மரச்சீனியை, அதான் மரவள்ளிக்கிழங்கை, பச்சையாகத் தின்று பாருங்களேன், அதிலிருந்து வருவது சயனைடு! தென்னமெரிக்காவிலிருந்து வந்த அதற்கு திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா காலம் தொட்டு ராஜ மரியாதை. ஆசிய மண்ணிலேயே பிறந்த இதற்கு அரிவாள்.

அமெரிக்காவில் இது களையாமே என்கிறார் ஒருவர். ஆம், 1905-இல் புளோரிடாவுக்குப் போய் அங்கே மரங்களை மூடிப் படர்ந்தது. அது புளோரிடாவின் பாடு. இது கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை.

"மலையாளத்தான் கிழங்கு" என்று சிரித்தவருக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. 1956 அக்டோபரில், அதாவது நம் ஊர் தமிழகத்தோடு சேர்வதற்கு முந்தின மாதம், இந்தத் தெரு எந்த மாநிலத்தில் இருந்தது என்று அவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கட்டும். அப்படியே, அரிசி கிடைக்காத நாட்களில் என்ன தின்றார்கள் என்றும் கேட்கட்டும். சிக்கல் கொடியில் இல்லை. கிழங்கு தின்று வளர்ந்தோம் என்று சொல்லச் சிலருக்குக் கூசுகிறது. மாடி கட்டிய பிறகு அதெல்லாம் காடாகிவிடுகிறது.

போன பொங்கலுக்கு இதே கொடியின் கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாயும் சிற்றுள்ளியும் சதைத்துத் தேங்காயெண்ணெய் விட்டு, தூக்குவாளியில் கொடுத்தனுப்பினேன். வெட்டச் சொன்னவர் வீட்டுக்குத்தான். தூக்குவாளி இன்னும் திரும்பி வரவில்லை.