போனது பேரிங், மாற்றச் சொல்வது மெஷினையே!

வாஷிங் மெஷின் ஸ்பின்னுக்குப் போனதும் கருங்கல்லை உருட்டுகிற மாதிரி சத்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தேன், கரகரவென்றது. மேலும் கீழும் அசைத்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? டிரம்மின் தண்டைத் தாங்கிச் சுழலவிடுகிற பேரிங் போச்சு. அதற்குள் தண்ணீர் போகாமல் தடுக்கிற ஆயில் சீல் தேய்ந்து, தண்ணீர் கசிந்து, கிரீஸைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். அப்புறம் துரு. அவ்வளவுதான் கதை.

சர்வீஸ் ஆள் வந்தார், ஒரு சுற்று சுற்றிக் கேட்டார். "டப் செட்டையே மாத்தணும் சார். அதுக்குப் பேசாம புதுசே வாங்கிடலாம்."

ரெண்டு பேரிங்குக்காக, டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற பிளாஸ்டிக் டப்பையே முழுசாக மாற்றணுமா?

"தனியா வராது சார்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வேலை தெரிந்த மனுஷன். "முன்னெல்லாம் டப்பைச் சுத்தி போல்ட் இருக்கும், நடுவுல ரப்பர் கேஸ்கெட். கழட்டி, பழசைத் தட்டி எடுத்து, புதுசை இறக்கிட்டா முடிஞ்சது" என்று அவரே சொன்னார். இப்போது அந்த ரெண்டு பிளாஸ்டிக் பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்களாம். ஒரு திருகாணி கிடையாது. வருஷக்கணக்கில் அவர் கையில் ஏறிய தொழிலை அந்த ஒற்றை ஒட்டுக்கோட்டில் முடித்துவிட்டார்கள். இனி அவர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவதற்குப் பெயர் சர்வீஸ்.

வயிறு எரிவது எதற்கென்றால், பேரிங் எந்தக் கம்பெனியின் ரகசியமும் இல்லை. 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. யார் செய்தாலும், எந்த நாட்டில் வாங்கினாலும் இதேதான். கடைசி ரெண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட் அளவு வந்துவிடும். (அந்த இலக்கம் 04-ஓ அதற்கு மேலோ இருந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும்.) யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று ஒரு காலத்தில் உட்கார்ந்து யோசித்து வைத்த எண் அது. அதைக் கொண்டுபோய்த் திறக்கவே முடியாத டப்பாவுக்குள் வைத்து மூடியவனை என்ன சொல்லித் திட்டுவது?

கையேடாவது உதவுமா? பக்கம் பக்கமாக 'திறக்காதீர்', 'தொடாதீர்'. மெஷின் ஒரு எரர் கோடு காட்டும். அர்த்தம் தேடினால் 'சேவை மையத்தை அணுகவும்'. பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பின்மூடிக்கு உள்பக்கம் சர்க்யூட் படத்தையே ஒட்டி வைத்திருப்பார்கள். அன்றைக்கும் லாபத்துக்குத்தான் ரேடியோ விற்றார்கள், தர்மத்துக்கு இல்லை.

சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு வாஷிங் மெஷின் மாடல் கடைசியாகச் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 வருஷம் உதிரிபாகம் கொடுத்தாக வேண்டும். பட்டியலில் பேரிங்கும் இருக்கிறது. அடடா என்று படித்துக்கொண்டே போனால் பக்கத்திலேயே ஒரு அடைப்புக்குறி: தனியாகவோ, சேர்த்தோ தரலாம். அதாவது டிரம்மோடு கட்டித் தலையில் ஏற்றினாலும் சட்டப்படி சரி. அந்த அடைப்புக்குறியைப் போட்ட கைக்கு ஒரு கும்பிடு.

இதில் சொந்தக்காரர்கள் வேறு. "இதெல்லாம் உனக்கெதுக்கு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு." ஸ்குரூடிரைவரை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது என்பதைப் பட்டம் வாங்கின மாதிரி சொல்கிறார்கள்!

கடைசியில் ரம்பத்தை எடுத்தேன். முதலில் ஒட்டுக்கோட்டைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டுக்கொள்ள வேண்டும். அறுத்த பிறகு போட்டால் ரெண்டு பாதியும் நேராக உட்காராது. தோள்பட்டை கழன்றுவிடும் போலாகும்வரை அறுத்தேன். உள்ளே துருவில் ஊறிப்போய் ரெண்டு பேரிங்: 6205, 6206. கம்பியால் சுரண்டியதும் எண் பளிச்சென்று தெரிந்தது. புது பேரிங், புது சீல், விளிம்பெல்லாம் சிலிகான், சுற்றிலும் 26 போல்ட். ஒரு நாள் காயவிட்டு ஓட்டினேன். ஸ்பின்னில் சத்தமே இல்லை.

அடியில் ஓரிடத்தில் மட்டும் சொட்டுகிறது. கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். சொட்டட்டும், இப்போதுதான் போல்ட் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.