ஜூலு பகுப்பான் ஹோசாவுக்கு எவ்வளவு தூரம் உதவும்?
தென்னாப்பிரிக்க மொழியான ஜூலுவுக்கான சொற்பகுப்பு நிரலில், அதாவது ஒரு சொல்லை வேராகவும் ஒட்டுகளாகவும் பிரித்துக் காட்டும் பகுப்பானில், அகராதியை மட்டும் மாற்றினால் அதன் உறவு மொழியான ஹோசாவுக்கும் போதும் என்கிறது ஒரு கட்டுரை. கட்டுரையாளரின் அந்தக் கருத்தைப் பாதியளவே ஏற்க முடிகிறது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் ஜூலு பகுப்பானை அடித்தளமாகக் கொண்டே ஹோசா, சுவாட்டி, தெற்கு இந்தெபெலே மொழிகளுக்கும் பகுப்பான்களை வளர்த்தெடுத்தார்கள் என்பது உண்மை. 'நான் அவர்களை நேசிக்கிறேன்' என்பது ஜூலுவில் 'ங்கியபதாண்டா', ஹோசாவில் 'ந்தியபதாண்டா'. எழுவாய் முன்னொட்டு மட்டுமே வேறுபட, நிகழ்காலக் குறி, செயப்படுபொருள் ஒட்டு, வினையடி, ஈற்றுயிர் ஆகிய நான்கும் அதே வரிசையில் நிற்கின்றன. ஆனால் ஒட்டுகளின் பட்டியலையும் ஒலிமாற்ற விதிகளையும் மொழிதோறும் சரிபார்த்தே ஆக வேண்டும். 'அகராதியை மட்டும்' என்று அவர் எளிதாகச் சொல்வதுதான், என் பார்வையில், வேலையிலேயே கடினமான பகுதி, ஏனெனில் ஒரு வினையடி அகராதியில் இல்லையென்றால் நிரலால் ஊகிக்க மட்டுமே முடியும்.

கட்டுரை தொடாத சிக்கல் ஒன்றும் உண்டு. ஜூலுவின் 'உயஹம்பா' என்ற சொல் 'நீ போகிறாய்' என்றும் 'அவர் போகிறார்' என்றும் பொருள்படும். பேச்சில் தொனி (குரலின் ஏற்ற இறக்கம்) அவற்றைப் பிரித்துக் காட்டினாலும், வழக்கமான எழுத்தில் தொனி குறிக்கப்படுவதில்லை. விதிகளால் இயங்கும் பகுப்பான் இரண்டு விடைகளையும் தரும்; பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க அண்டைச் சொற்களைப் பார்க்கும் இன்னொரு படிநிலை தேவைப்படும்.