எக்ஸ்பி மேல் ஒரு தப்பும் இல்லை

ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் லேப்டாப் சொல்கிறது: விடி-எக்ஸை வேறொரு ஹைப்பர்வைசர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறதாம், அதனால் விஎம் திறக்காதாம். விஎம் என்றால் கணினிக்குள் ஓடுகிற இன்னொரு கணினி; ஹைப்பர்வைசர் அதை ஓட்டும் மென்பொருள்; விடி-எக்ஸ் அதற்காகப் பிராசசரில் இருக்கிற வசதி. எந்த ஹைப்பர்வைசர்? இந்த அறையில் நானும் ஒரு கொசுவர்த்தியும்தான் இருக்கிறோம்!

எங்கள் ஊர்க் கோயிலுக்கு மறுபடி கும்பாபிஷேகம். போன மலரை 12 வருடத்துக்கு முன்னால் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்தோம், யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லாத பழைய எழுத்துருவில். அதே தல வரலாறு இதிலும் வர வேண்டும். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ் போய் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். "யூனிகோடுக்கு மாத்திடுங்க" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எழுத்து மாறும், சரி. 64 பக்க லேஅவுட்டை யார் கட்டுவது, அவர்களா?

அதற்காகத்தான் லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி விஎம் வைத்திருக்கிறேன். 2001-ல் வந்த எக்ஸ்பி. 128 எம்பி ராம் இருந்தால் போதும் என்று சொன்ன புண்ணியவான். 2014-லேயே அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் அது ஒருநாளும் என்னிடம் முறைத்துக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் வெளியே இருக்கிற புதுசுகளோடுதான்.

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு அப்டேட் வந்தால், அதோடு ஒட்டிக்கொள்ளும் விஎம் மென்பொருளின் துண்டை, அதாவது மாட்யூலை, திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். செக்யூர் பூட் (கையெழுத்தில்லாததை ஏற்க மறுக்கும் காவல்) போட்டிருந்தால் அதற்கு டிஜிட்டல் கையெழுத்து வேறு. அந்தச் சாவியைப் பதிய, ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து கடவுச்சொல் கேட்கும். நாம் என்ன கொடுத்தோம் என்று நமக்கே நினைவிருக்காது. இதையெல்லாம் பழகிக்கொண்டேன். நேற்றைய கூத்து புதுசு.

ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது. லினக்ஸுக்குள்ளேயே 2007 முதல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் இருக்கிறது. அது முன்பெல்லாம் தன் விஎம் ஓடும்போது மட்டும் பிராசசரின் விடி-எக்ஸைத் தொடும். கெர்னல் 6.12-லிருந்து மாட்யூல் ஏறிய உடனேயே எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒரு விஎம்கூட ஓடாவிட்டாலும்! பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி. இதை மாற்ற, கணினி துவங்கும்போது கெர்னலுக்குப் போகும் பூட் வரியில் ஒரு சொல் சேர்த்தால் போதுமாம். அந்தச் சொல்லை அந்தப் பிழைச் செய்தியிலேயே போட்டால் என்ன குறைந்துவிடும்?

"பேசாம கேவிஎம்முக்கே மாறிடு" என்றான் நண்பன். போன வருடம் மாறிப் பார்த்தேனே. டிஸ்க் கன்ட்ரோலர் மாறியதும் எக்ஸ்பி பூட் ஆகாமல் நீலத்திரையில் 7பி என்று, அதாவது பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று விழுந்தது. பாவம், பிறந்ததிலிருந்து ஐடிஇ என்கிற பழைய வகை டிஸ்க்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளை.

கடைசியில் கேவிஎம் மாட்யூலைக் கையால் இறக்கிவிட்டு ஸ்டார்ட் அழுத்தினேன். ஒன்றேகால் மணிக்கு எக்ஸ்பி திரையின் அந்தப் பச்சை மேடு, நீல வானம். பேஜ்மேக்கர் திறந்தது, 64 பக்கமும் சிந்தாமல் சிதறாமல். பிடிஎஃப்பும் போட்டுவிட்டேன்.

அதை வெளியே எடுக்கப் போனால் ஷேர்டு ஃபோல்டரைக் காணோம். மவுஸ் வேறு விஎம்முக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. வலது கன்ட்ரோலை அழுத்தினால் விடுமாம். என் லேப்டாப் கீபோர்டில் வலது கன்ட்ரோலே கிடையாது.