சொதியும் சாப்பிட்டேன், படுத்தும் கிடந்தேன்

ஆமா, நம்ம குரூப்போட 100 நாள் எக்சர்சைஸ் சவாலுக்கு ஞாயித்துக்கிழமை நான் வரல. நடக்கல, 50 ஸ்குவாட் (உக்காந்து உக்காந்து எந்திக்குதது) போடல, ஆப்புல ஒண்ணும் ஏத்தல. தேங்காய்ப்பால் ஊத்திச் சொதி வச்சேன், இஞ்சித் துவையல் அரைச்சேன், உருளைக்கிழங்கு வறுத்தேன், வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிறகு பத்தமடைப் பாயை விரிச்சு, ஃபேனை அஞ்சுல வச்சுப் படுத்தேன். எந்திச்சப்போ மணி நாலரை.

அதுக்குத்தான் திங்கக்கிழமை விடியக்காலம் குரூப்புல என் பேருக்கு நேரே சிவப்புப் புள்ளி. பக்கத்துல "டீச்சருக்குச் சொதி முக்கியமா, சவால் முக்கியமா?"ன்னு ஒரு கேள்வி வேற. ஸ்கிரீன்ஷாட் உங்கள்ல பாதிப் பேருக்கு வந்திருக்கும். கீழ 14 பேரு சிரிச்சிருக்காங்க. அதுல ரெண்டு பேரு என் வீட்டு முற்றத்துல உக்காந்து அதே சொதியை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவங்க.

குரூப்புல பதில் போட்டா "இங்கன வாக்குவாதம் வேண்டாம், பாசிட்டிவா இருப்போம்"னு சொல்லிருவாங்க. அதான் இங்க எழுதுதேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

சவாலை நடத்துத அண்ணாச்சி மேல எனக்குக் கோவம் இல்ல. காலையில அஞ்சு மணிக்கு வ.உ.சி. மைதானத்துல நின்னுக்கிட்டு, வராதவங்களுக்கெல்லாம் போன் போட்டு எழுப்புத மனுசன். பெருமாள்புரத்துலேர்ந்து நான் வண்டியை எடுத்துக்கிட்டு நடக்க வந்ததே அவராலதான். நன்றி கெட்டவ இல்ல நான். ஆனா ஒண்ணு சொல்லுதேன், இன்னும் பத்து தடவை சொல்லுவேன்: ஓய்வுங்கிறதும் எக்சர்சைஸ்ல சேத்திதான்.

சவாலோட சட்டம் தெரியாதவங்களுக்கு: 100 நாள். தினமும் 10,000 காலடி, 50 ஸ்குவாட், ஒரு நிமிசம் பிளாங்க் (முழங்கையை ஊனி உடம்பை நேரா நிறுத்துதது). ஒரு நாள் தவறினாலும் ஆட்டம் குளோஸ், திரும்ப ஒண்ணுலேர்ந்து. முடிச்சா ஹாட்பாக்ஸ் பரிசு. (என்கிட்ட ஏற்கெனவே மூணு இருக்கு.) நான் 40 நாள் முடிச்சிருந்தேன். 41-ல படுத்துட்டேன்.

ஏன் படுத்தேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? நாலஞ்சு நாளாவே காலையில கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வச்சா இடது குதிகால்ல சுருக்குன்னு ஆணி இறங்குத மாதிரி இருக்கும். அடுப்பங்கரை வரைக்கும் நொண்டுவேன். பால் பொங்குததுக்குள்ள சரியாயிரும். மறுநாள் திரும்பவும் அதே ஆணி. இதுக்கு முன்னால உடம்பு இப்படிக் குடுத்த தாக்கலை நான் ஒருதரம் மதிக்கல. சூடு கண்ட பூனை நான்.

அது 2019. அப்போ ஓட்டக் கோட்டி. அண்ணா ஸ்டேடியத்துல தினமும் ஓட்டம், ஆறு வாரம் ஒரு நாள் விடல. முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்பு மேல, ஒரே ஒரு இடத்துல விரல் வச்சு அமுக்கினா உயிர் போகும். தைலம் தேய்ச்சேன், வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன். கூட ஓடினவங்க "வலிச்சாத்தான் டீச்சர் குறையும்"னாங்க. எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணும் இல்ல. ஆஹா, ஒண்ணும் இல்லைன்னு இன்னும் ரெண்டு வாரம் ஓடினேன். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்தா எலும்புல கீறல்.

டாக்டர் திட்டல. பைய விளக்கினாரு. இந்தக் கீறல் ஆரம்பத்துல எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாதாம். எலும்பு சும்மா கல்லு மாதிரி கிடக்குத சாமான் இல்லையாம், உள்ளுக்குள்ள எப்பவும் மராமத்து நடந்துக்கிட்டே இருக்குமாம். பாரம் கூடும்போது முதல்ல பழசைச் சுரண்டி எடுக்குத வேலை நடக்கும். புதுசு கட்டுத வேலை பின்னால, ரொம்ப மெதுவா வரும். "கொத்தனார் பழைய பூச்சை உடைச்சுட்டு, புதுசு பூச சிமெண்டு குழைக்காருன்னு வச்சுக்கோங்க. நீங்க தினமும் போயி சுத்தியலால தட்டிக்கிட்டே இருக்கீங்க"ன்னாரு. எட்டு வாரம் ஓடக்கூடாதுன்னுட்டாரு. மாடி வகுப்புக்கு நான் கைப்பிடியைப் பிடிச்சு ஏற, எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க முன்னால நோட்டுக்கட்டைத் தூக்கிட்டுப் போகும். அந்த எட்டு வாரத்துல, இறங்கின நாலு கிலோவும் கூட ரெண்டும் சேந்து திரும்பி வந்துட்டு.

புதுசா ராணுவத்துல சேந்த பையங்களுக்கு மார்ச் பண்ணிப் பண்ணியே பாதம் வீங்கி வலிக்கும்னு 1855-லயே பிரஷ்யா நாட்டு ராணுவ டாக்டர் ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு. அது எலும்புக் கீறல்னு பிறகு எக்ஸ்ரே வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. இளவட்டச் சிப்பாய்க்கே அந்தக் கதி. நான் 44 வயசுல ஆறு பீரியட் நின்னுக்கிட்டே பாடம் எடுக்குதவ.

தசையும் அப்படித்தான். ஸ்குவாட் போடும்போது தொடை பலமாகுதுன்னு நினைக்கோம். போடும்போது அது களைச்சு, கொஞ்சம் சேதாரமும் ஆகுது. அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல உடம்பு அதைச் சரிபண்ணி, முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாக் கட்டும்லா, அப்போதான் பலம் ஏறும். பழகாத எக்சர்சைஸ் செஞ்சா வலி அன்னைக்கே உச்சத்துக்குப் போகாம ஒரு நாள் கழிச்சு, மூணு நாள் வரைக்கும் வாட்டுததும் இதனாலதான். கட்ட விடாம உடைச்சுக்கிட்டே இருந்தா எப்படிக் கெட்டியாகும்? திரும்பச் சொல்லுதேன், ஓய்வும் எக்சர்சைஸ்ல சேத்தி.

"நடக்குததுக்கு எதுக்கு டீச்சர் லீவு?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. லேசா, பேசிக்கிட்டே நடக்கலாம், தினமும் நடக்கலாம், ஒரு தப்பும் இல்ல. ஒத்துக்கிடுதேன். நான் சொல்லுதது குதிகால் வலிக்கும்போதும் 10,000 ஆகணும்னு அடம்பிடிக்குததை. அந்த 10,000 எங்கேர்ந்து வந்ததுன்னு நினைக்கீங்க? 1965-ல ஜப்பான்ல காலடி எண்ணுத கருவி ஒண்ணு வித்தாங்க, அதுக்கு வச்ச பேரே ‘பத்தாயிரம் அடி மானி’. வியாபாரத்துக்கு வச்ச பேரு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது வாரத்துக்கு 150-லேர்ந்து 300 நிமிசம் மிதமான உடற்பயிற்சி. தசைக்கான பயிற்சி வாரத்துல ரெண்டு நாளாவது. வாரக் கணக்கு, கேட்டேளா? சிவப்புப் புள்ளிக் கணக்கு அவங்களுக்குத் தெரியல போல.

இன்னொரு தம்பி, ரான் ஹில்லுனு ஒரு வெள்ளைக்காரர் 1964 டிசம்பர்லேர்ந்து 2017 ஜனவரி வரைக்கும் ஒரு நாள் விடாம ஓடினாருன்னு லிங்க் அனுப்பியிருக்காரு. சந்தோசம். அவரு 1970-ல பாஸ்டன் மாரத்தான் ஜெயிச்சவரு தம்பி. நான் பிளஸ் டூ படிக்கும்போது லாங் ஜம்ப்ல குழி வரைக்கும் போய்ச் சேராதவ.

பிறகு வழக்கமான அந்தப் பாட்டு: "நம்ம தாத்தா காலத்துல ரெஸ்ட் டேயா இருந்துச்சு?" இருந்துச்சு. எங்க தாத்தா சேரன்மகாதேவியில கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல ரெண்டு கோட்டை விதைப்பாடு வயல் வச்சிருந்தவரு. வெள்ளன மாட்டைப் பூட்டினா வெயில் ஏறினதும் அவுத்துருவாரு. மத்தியானம் மாமரத்து மூட்டுல துண்டை விரிச்சுப் படுத்தாருன்னா வெயில் தாழத்தான் எந்திப்பாரு. மாட்டுக்கும் அதே லீவு. கார் போக நெல்லை அறுத்து, பிசானப் போகம் போட்டு, அதையும் அறுத்தா வயலைச் சும்மா விடுவாரு. வெடிச்சுக் கிடக்கும். ஆட்டுக்காரங்களைக் கூப்பிட்டு ராத்திரி கிடை போடச் சொல்லுவாரு. "ஏன் தாத்தா சும்மா போட்டுருக்கீங்க?"ன்னு கேட்டா, "சும்மாவா கிடக்கு? திங்குதுட்டீ அது"ன்னாரு. ஆட்டுப்புழுக்கையைத்தான் சொன்னாரு.

இதுல சாக்குன்னு வேற சொல்லுதாங்க. சாக்கு சொல்லுதவ ராத்திரி பத்தே முக்காலுக்கு, குரூப்புல "யாருக்கெல்லாம் பாக்கி?"ன்னு மெசேஜ் வந்ததும், மாவுச் சட்டியை மூடிட்டு கேஸ் அடுப்புப் பக்கத்துல நைட்டியோட 50 ஸ்குவாட் போடுவாளா? போட்டேன், 29-வது நாளு. இவரு தண்ணி குடிக்க வந்தவரு, லைட்டைப் போட்டுட்டு, "என்னட்டீ தேடுத, தோடு விழுந்துட்டா?"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா அன்னைக்கு நான் படுக்கும்போது பதினொண்ணே கால், அலாரம் நாலரைக்கு. அஞ்சே கால் மணி நேரத் தூக்கம். வளந்தவங்களுக்கு ஏழு மணி நேரமாவது வேணும். மராமத்து வேலைக்கு அந்தத் தூக்கமும் வேணும். அதுக்குச் சவால்ல ஒரு கட்டம் உண்டா? கிடையாது. தூங்கினேன்னு பச்சைப் புள்ளி யாரும் வைக்கல.

சொல்லக்கூடாதுன்னுதான் நினைச்சேன். அண்ணாச்சி ரிட்டயர்டு. மத்தியானம் ஒண்ணரைக்குப் படுத்தா மூணரைக்கு மைனி காப்பியோட எழுப்புவாங்க. நான் கண்டுபிடிச்சுச் சொல்லல, அவரே கேலரிப் படியில உக்காந்து எங்க எல்லார்கிட்டயும் சொன்னது, "பவர் நேப் முக்கியம்மா"ன்னு. அவரு படுத்தா பவர் நேப். நான் படுத்தா சொதி.

எங்க அம்மா பீடி சுத்தினா. மடியில சுளகை வச்சு, முதுகு வளைஞ்சு, காலையிலேர்ந்து விளக்கு வைக்குத வரைக்கும். மத்தியானம் ஒரு அரை மணி நேரம் அதே இடத்துல பாயை விரிச்சுச் சாய்வா. தெரு முனையில அப்பா சைக்கிள் பெல் கேட்டா போதும், அவரு ஸ்டாண்டு போடுததுக்குள்ள பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால வச்சுட்டு, சுளகை மடியில எடுத்துருவா. அப்பா ஒண்ணும் சொல்லுதவரு இல்ல. ஒரு நாளும் திட்டினதில்ல. ஆனாலும் சுருட்டுவா. கன்னத்துல கோரை வரி அச்சு அப்படியே இருக்கும்.

அந்தப் 14 பேர்ல 9 பேரு பொம்பளைங்க. அதை நான் எண்ணியிருக்க வேண்டாம், எண்ணிட்டேன்.

குரூப்பை விட்டுப் போயிட்டேனான்னு ரெண்டு பேரு இன்பாக்ஸ்ல கேட்டிருக்கீங்க. போகல. சிவப்புப் புள்ளி அங்கனயே இருக்கட்டும். குதிகால் சரியாகுத வரைக்கும் மைதானத்தை ரெண்டே ரெண்டு சுத்து, பைய நடப்பேன். ஸ்குவாட் வாரத்துக்கு மூணு நாள். ஞாயித்துக்கிழமை பாய். இந்தவாட்டி சொதிக்குத் தேங்காய் துருவி, பால் பிழிஞ்சு தாரேன்னு இவரு சொல்லியிருக்காரு. பாப்போம்.